மணவினை நிழற்படமும் பிளாஷ் விளக்கும்

முன்னுரை

ஒளி இல்லையேல் உருவம் புலப்படாது. உருவம் புலப்படாதவிடத்து நிழற்படமும் இல்லை. இஃது எல்லாரும் அறிந்ததே. எனினும், மணவீட்டில் நிழற்படம் எடுப்பவர் கையிலுள்ள காமிராவின் விலையைக் கேட்டு வியப்போர் பலர். அதன் தலைமேல் அமர்ந்திருக்கும் சிறு விளக்கைப் பற்றி வினவுவோர் ஒருவரும் இலர். இமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு கூறே வாழ்ந்து மறையும் அவ்விளக்கிற்குப் பிளாஷ் என்று பெயர். மணவினைப் படப்பிடிப்பைத் தொழிலாக மேற்கொள்ளப் புகும் இருவர், தம் கையிற் பொருள் சிறிதேயுள்ள காலத்து, அவ்விளக்கை எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். எம் அக்காளும் அத்தானும் மணம் புரிந்து ஓராண்டு கழியுமுன்னரே இத்தொழிலில் இறங்கினர். விடுமுறை நாட்களில் விளக்குத் தாங்கும் ஸ்டாண்டைச் சுமந்து அவர்கள் பின்னே சென்றவர் யாமே. சுமந்த தோளுக்கும் சிறிது அறிவு வாராமற் போகாது. அவ்வறிவைக் கல்லூரி நண்பரோடு பகிர்ந்துகொள்ளுதல் கடன் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முற்காலத்தில் நிழற்படக்காரர்க்குக் கதிரவன் ஒருவனே விளக்கு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தபோது, வெயிலை நம்பியே தொழில் செய்தார். 1887-இல் ஜெர்மனி நாட்டில் மீதே, கேடிக்கே என்னும் இருவர், மக்னீஷியப் பொடியுடன் வேறு இரசாயனங்களைக் கலந்து, கொளுத்தியவுடன் பளிச்சென்று எரியும் தூளை அமைத்தனர். அதனால் வெளிச்சமும் வந்தது, புகையும் வந்தது, சிலருக்குத் தீப்புண்ணும் வந்தது. 1929-இல் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அதுவும் ஒருமுறை எரிந்தால் எறியப்படுவதே. 1931-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்னும் பேராசிரியர், மின்சாரத்தைத் தேக்கி வைத்து வாயுக் குழாயின் வழியே ஒரே கணத்தில் பாய்ச்சி ஒளி எழுப்பும் முறையைச் செம்மைப்படுத்தினார். இன்று நம் கையிலுள்ள விளக்கு அவ்வழி வந்ததே. தேக்கிய மின்சாரம் தீர்ந்தபின் மீண்டும் நிரம்பச் சிறிது காலம் வேண்டும் என்பது அதன் பிறவிக் குணம். இக்குணத்தை மறந்ததனால் விளைந்த இடரையே இனிக் கூறப் புகுகின்றோம்.

மயிலையில் நேர்ந்தது

எம் அக்காளின் வளையல் ஒன்றை அடகு வைத்து வாங்கிய பொருளைக்கொண்டு அவர்கள் முதலில் வாங்கியது ஒரே ஒரு விளக்கு. அதுவும் பிறர் கையாண்டு பழகியது. வலிமையில் மிக்கது என்று விற்றவர் புகழ்ந்தார். உண்மையும் அதுவே. அவ்வொன்றை அக்காள் தம் காமிராவிற் பொருத்திக்கொண்டார். அத்தான் விளக்கின்றியே நின்றார்.

முதல் திருமணம் மயிலாப்பூரில், மாடவீதிகளை அடுத்த ஒரு சிறு மண்டபத்தில் நடைபெற்றது. விடியற்காலை முகூர்த்தம். ஓமப்புகை சூழ்ந்திருந்தது, சுற்றத்தார் நெருங்கி நின்றனர். கெட்டிமேளம் முழங்கியது. மணமகன் மாங்கல்யத்தை எடுத்தவுடன் அக்காள் அடுத்தடுத்து மூன்று படங்கள் எடுத்தார். விளக்கு முழு வலிமையில் இருந்தமையால் அம்மூன்றனுள் முதற்படத்திற்கே ஒளி கிட்டியது. முடிச்சு விழுந்த கணத்தில் விளக்கு மின்சாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இருண்டு போயிற்று. அத்தான் எடுத்ததில் முன்னே நின்றவர்களின் தோள்களே தெரிந்தன.

மூன்று நாள் கழித்து மணமகளின் தந்தையார் வந்தார். ஊரில் நோயுற்றுக் கிடந்த தம் தாயார்க்குக் காட்ட அந்த ஒரு படத்தை மட்டும் முதலில் தரும்படி கேட்டார். அக்காள் மறைக்காமல் உண்மையைக் கூறினார். அப்பெரியவர் சினந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “போகட்டும் அம்மா, என் கண் பார்த்தது, அது போதும்” என்று எழுந்து சென்றார். சினந்திருந்தால் எங்களுக்கு அத்துணை வருத்தம் இராது. பின்னர் உறவினர் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்த படமே ஆல்பத்தில் அவ்விடத்தைப் பெற்றது. அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. மறுநாள் அத்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “விளக்கு எவ்வளவு பெரிது என்று கேட்டோம், எத்தனை முறை, எத்துணை விரைவில் எரியும் என்று கேட்கவில்லையே” என்று எழுதத் தொடங்கினார். அந்தக் கேள்வியே இத்துறையில் முதற்பாடம் என்று இப்போது உணர்கின்றோம்.

ஒளியின் கணக்கு

விளக்கின் வலிமையை ‘கைடு நம்பர்’ என்னும் எண்ணால் குறிப்பர். காமிராவின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 ஆக இருக்கையில், அந்த எண்ணை லென்ஸின் துவார எண்ணால் வகுத்தால், எத்தனை மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு ஒளி போதும் என்பது கிடைக்கும். கடைகளில் ‘கைடு நம்பர் 60’ என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது விளக்கின் ஒளியைத் தொலைநோக்கு லென்ஸிற்கு ஏற்ப 200 மில்லிமீட்டர் அளவிற்குக் குவித்தபோது வரும் எண். மணமேடையில் நாம் பயன்படுத்தும் 35 மில்லிமீட்டர் அகன்ற பார்வைக்கு அது ஏறக்குறைய 35 ஆகச் சுருங்கிவிடும். ஆகவே அட்டையின் எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. இரண்டு விளக்குகளை ஒப்பிடும்போது ஒரே குவிவில் ஒப்பிடுதல் வேண்டும்.

ஒளி, தொலைவு இரட்டித்தால் பாதியாகக் குறைவதன்று; நான்கில் ஒரு பங்காகக் குறைவது. இரண்டு மீட்டரில் நிற்கும் முன்வரிசைக்கு அளவாகக் கிடைத்த ஒளி, நான்கு மீட்டரில் நிற்கும் பின்வரிசைக்குக் காற்பங்கே சேரும். குடும்பப் படங்களில் குழந்தைகள் வெளுத்தும் பாட்டனார் இருண்டும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. விளக்கைப் பின்னுக்குத் தள்ளி உயர வைத்தால், இரு வரிசைக்கும் உள்ள தொலைவு வேறுபாடு சுருங்கி, ஒளி ஒருவாறு சமமாகும். அதற்கு விளக்குக் காமிராவை விட்டு நீங்கித் தனியே நிற்றல் வேண்டும்.

இனி, உணர்திறனைப் பற்றி ஒரு சொல். ஐ.எஸ்.ஓ. எண்ணை நான்கு மடங்காக்கினால் விளக்கின் வேலை நான்கில் ஒன்றாகும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கூரை ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தில், விளக்கை மேல்நோக்கித் திருப்பி வெண்கூரையில் ஒளியை மோதவைத்து எடுக்கின்றோம் எனக் கொள்வோம். ஒளி ஏறி இறங்கும் வழி ஏறத்தாழ எட்டு மீட்டர். கூரை விழுங்குவதும் சிதறுவதும் போகக் காற்பங்கே மிஞ்சும் என்று கொண்டால், துவாரம் 4 ஆகவும் ஐ.எஸ்.ஓ. 400 ஆகவும் இருக்கும்போது, கைடு நம்பர் 35 உள்ள விளக்கு ஏறக்குறைய முழு வலிமையில் எரிய வேண்டியதாகும். ஐ.எஸ்.ஓ. 1600 ஆக உயர்த்தினால் அதே படத்திற்குக் காற்பங்கு வலிமை போதும். காற்பங்கில் எரியும் விளக்கு மிக விரைவில் நிரம்பும். பாட்டரியும் ஏறத்தாழ நான்கு மடங்கு உழைக்கும். இன்றைய காமிராக்கள் 1600-இல் எடுக்கும் படத்திற் குற்றம் காண்பது அரிது. மயிலையில் அக்காள் ஐ.எஸ்.ஓ. 200-இல் வைத்திருந்தார், விளக்கு மூச்சுத்திணறியது. குற்றம் விளக்கினுடையது மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

முகூர்த்த வேளை

சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் நடைபெறும் மணவிழாக்களைக் கூர்ந்து நோக்கினால், அவை விளக்கிடம் மூன்று வகையான வேலையை வேண்டி நிற்றலைக் காணலாம். முதலாவது, மயிலை போன்ற பழம்பகுதிகளின் முகூர்த்தம்.

ஈண்டு மணமக்கள் தரையிலோ தாழ்ந்த மணையிலோ அமர்ந்திருப்பர். எதிரே ஓமகுண்டம், அதனின்று எழும் புகை. காமிராவின் தலைமீதிருந்து நேரே ஒளியைச் செலுத்தினால் இடையிலுள்ள புகையே வெண்திரையாக ஒளிர்ந்து முகங்களை மறைக்கும். பக்கத்தினின்றோ மேலிருந்தோ வரும் ஒளிக்கு இத்தொல்லை குறைவு. ஆதலின் தலையை மேலும் கீழும் பக்கமும் திருப்பக்கூடிய விளக்கே வேண்டும். திருப்பவியலாததை எவ்வளவு மலிவாயினும் விலக்குக.

கூரையில் மோதவைக்கும் முறை எங்கும் பயன்தராது. பழைய வீடுகளின் மரவிட்டங்களும் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளமும் ஒளியை விழுங்குவன. பச்சையோ நீலமோ பூசிய கூரை அந்நிறத்தை மணமகளின் முகத்தில் பூசிவிடும். அத்தகைய இடத்தில், வெண்சுவர் இருக்கும் பக்கமாக விளக்கைத் திருப்புதலோ, ஒரு சிறு குடையில் ஒளியைப் பரப்புதலோ நன்று.

நிறத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். பிளாஷின் ஒளி நண்பகல் வெளிச்சத்தை ஒத்தது. அதன் நிறவெப்பம் ஏறக்குறைய 5,500 கெல்வின். குத்துவிளக்கின் சுடர் 2,000 கெல்வினுக்கு அருகில் நிற்பது. பழைய குண்டு பல்பு 3,000 கெல்வினுக்குச் சற்றுக் குறைந்தது. இவை ஒரே படத்திற் கலந்தால் முகம் வெளுத்தும் பின்னணி செக்கச் சிவந்தும் தோன்றும். விளக்கின் முகத்தில் ஆரஞ்சு நிறத்தாள் ஒன்றை ஒட்டினால் இரண்டும் இணங்கும். அத்தாளின் விலை சொற்பம். அதனால் விளையும் நன்மையோ பெரிது.

விளக்குத் தானே ஒளியை அளந்து கொடுக்கும் ‘டி.டி.எல்.’ என்னும் முறை முகூர்த்தத்திற் பெரிதும் உதவும். படம் எடுப்பவர் இடம் மாறிக்கொண்டேயிருப்பதால் கையால் அளந்துகொண்டிருக்க இயலாது. ஆயின் அவ்வியந்திரம் வேட்டியின் வெண்மையைக் கண்டு ‘ஒளி மிகுந்தது’ என்று குறைத்துவிடும். மாலை வரவேற்பில் கறுப்புக் கோட்டைக் கண்டு ‘ஒளி போதாது’ என்று மிகுத்துவிடும். முன்னதற்குச் சிறிது கூட்டியும் பின்னதற்குச் சிறிது குறைத்தும் வைத்தல் அனுபவத்தால் வரும் அறிவு.

அட்சதை தூவும் காட்சி பிளாஷின் பெருமையை விளக்கும். முழு வலிமையில் எரியும்போது அதன் ஒளி வினாடியில் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்கு நிற்கும். வலிமையைக் குறைக்குந்தோறும் அக்காலமும் குறைந்து, காற்பங்கில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகும். அப்போது காற்றில் பறக்கும் ஒவ்வோர் அரிசியும் நின்ற நிலையிற் படத்தில் விழும். இங்கும் குறைந்த வலிமையே மிக்க பயன் தருகின்றது.

முதல்நாள் மாலை நடைபெறும் ஜானவாச ஊர்வலத்திற்கோ கூரையும் இல்லை, சுவரும் இல்லை. அங்கே ஷட்டரை மெதுவாக வைத்தல் வேண்டும். ஷட்டரின் வேகம் சுற்றுப்புற வெளிச்சத்தை ஆள்வது. துவாரமோ சுற்றொளி, பிளாஷ் இரண்டையும் ஆள்வது. வினாடியில் முப்பதில் ஒரு பங்கு திறந்து வைத்தால் வீதி விளக்கும் கடைகளின் வெளிச்சமும் படத்தில் ஏறும். சிறிதளவு பிளாஷ் மணமகனின் முகத்தை விளக்கும். இதனை அறியாதார் எடுக்கும் படங்களில் மணமகன் மட்டும் வெளுத்து நிற்க, மயிலை வீதி முழுதும் இருளில் மறைந்துபோகும்.

கிறிஸ்தவ ஆலயங்களில் நிகழும் மணங்களிலும் ஒன்று கருதத்தக்கது. 1896-இல் இப்போதைய உருவம் பெற்ற சாந்தோம் பேராலயம் போன்ற உயர்ந்த கட்டிடங்களில் கூரையில் மோதிய ஒளி திரும்பி வருதல் அரிது. அன்றியும், வழிபாட்டின் நடுவே பிளாஷ் பயன்படுத்தலாமா என்பதைக் குருவானவரிடம் முன்னரே கேட்டு, அவர் வேண்டாம் என்றால் அகன்ற துவாரமுள்ள லென்ஸைக்கொண்டு விளக்கின்றியே எடுத்தல் முறை. நல்ல விளக்கு வாங்கியவர் அதனை அணைத்து வைக்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.

வரவேற்பு மாலை

இரண்டாவது, தியாகராய நகரின் வரவேற்பு. 1920-களில் மயிலையின் நெடிய ஏரியை மேடாக்கி எழுப்பிய இந்நகர், இன்று பட்டுக்கும் பொன்னுக்கும் பேர்பெற்ற கடைவீதியாக விளங்குகின்றது. அங்குள்ள மண்டபங்களில் மாலை ஏழுமணி தொடங்கிப் பத்துமணி வரை மணமக்கள் மேடையில் நிற்பர். வாழ்த்த வருவோர் வரிசை கீழே வாயில் வரை நீளும்.

இங்கே விளக்கிற்கு வேண்டுவது உழைப்பு. ஒரு கணக்கிடுவோம். முந்நூறு குடும்பங்கள் மேடையேறுவதாகவும், கண் இமைத்தவர் ஒருவரேனும் இருப்பராதலின் ஒவ்வொரு குடும்பத்திற்கும் மூன்று படம் எடுப்பதாகவும் கொண்டால், தொள்ளாயிரம் முறை விளக்கு எரிதல் வேண்டும். பென்சில் பாட்டரி நான்கு இடும் சாதாரண விளக்கு, திரும்பச் சார்ஜ் செய்யும் நல்ல பாட்டரியுடன் முழு வலிமையில் ஏறக்குறைய 230 முறை எரியும். நிரம்ப இரண்டரை வினாடிக்கு மேற்படும். லித்தியம் பாட்டரி உள்ள கோடாக்ஸ் வி-860 இரண்டாம் வகை போன்ற விளக்கு, அதன் தயாரிப்பாளர் கூற்றின்படி, ஒரு சார்ஜில் 650 முறை வரை முழு வலிமையில் எரியும். ஒன்றரை வினாடியில் நிரம்பும். தொள்ளாயிரமும் காற்பங்கு வலிமையில் எரிந்தால் அது முழு வலிமையின் 225 முறைக்கு ஒப்பாகும். பென்சில் பாட்டரி விளக்கு அதன் எல்லையில் தள்ளாடும். லித்தியம் விளக்கிற்குப் பாதிக்கும் மேல் மிச்சம் நிற்கும். இதுவே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

சென்னையின் வெப்பத்தையும் மறத்தலாகாது. இவ்வகைச் சிறு விளக்கு முழு வலிமையில் இடைவிடாது ஏறக்குறைய முப்பது முறை எரிந்தால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகம் குறைந்துவிடும். மேடையின் வீடியோ விளக்குகளும் மக்கள் நெருக்கமும் சேர்ந்தால் அந்நிலை விரைவில் வரும். இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கை ஸ்டாண்டில் நிறுத்திக் குடை பொருத்தினால், வேலை இரண்டாகப் பகுக்கப்படும். ஒன்று நின்றாலும் மற்றொன்று மானம் காக்கும். குடையின் பரந்த ஒளியால் பட்டின் சரிகையும் கல்நகையும் கண்ணைக் கூசச் செய்யாமல் ஒளிரும். சிறிய முகமுள்ள விளக்கை நேரே காட்டினால் சரிகை வெள்ளைத் தழும்பாகவும், வியர்த்த நெற்றி கண்ணாடியாகவும் படத்தில் விழும்.

தொலைவிலுள்ள விளக்குகளைக் காமிராவிலிருந்து எரியச் செய்ய இரு வழிகள் உண்டு. ஒளியைக் கண்டு எரிவது ஒன்று. ரேடியோ அலையைக் கேட்டு எரிவது மற்றொன்று. முதல்வகை விளக்கு, மண்டபத்தில் வேறு எவர் பிளாஷ் அடித்தாலும் தானும் எரிந்து வீணாகும். உறவினர் இருவர் காமிராவுடன் வந்துவிட்டால் பாட்டரி பாதியில் தீரும். எனவே ரேடியோ டிரிக்கரே தக்கது. கானன், நிக்கான், சோனி என்று காமிராவிற்குக் காமிரா மேற்பொருத்தின் அமைப்பு மாறுபடும். ஆயினும் கோடாக்ஸ் போன்ற சில கம்பெனிகளின் முறையில், ஒரு காமிராவுக்கென வாங்கிய விளக்கை ஸ்டாண்டில் நிறுத்தினால், வேறு காமிராவின் டிரிக்கருக்கும் அது கீழ்ப்படியும். கணவர் ஒரு கம்பெனிக் காமிராவும் மனைவி வேறொரு கம்பெனிக் காமிராவும் வைத்திருக்கும் வீட்டிற்கு இஃது ஒரு வரப்பிரசாதம்.

கடற்கரைக் காலை

மூன்றாவது, அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரை. மணநாளுக்கு முன்னோ பின்னோ இருவரையும் அங்கே நிறுத்திப் படம் எடுத்தல் இக்கால வழக்கம். கார்ல் ஷ்மிட் நினைவுமண்டபத்தை ஒட்டி விடியலில் இத்தகைய கூட்டங்களைக் காணலாம். கிழக்கே கடல், அதன்மேற் கதிரவன். மணமக்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலில் மூழ்கும். அதனை வெல்லும் ஒளி வேண்டும். ஆகவே இங்கே வலிமையே முதன்மை.

காமிராவின் ஷட்டர் பொதுவாக வினாடியில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கு வரையே பிளாஷுடன் இணங்கும். அதற்குமேல் வேகம் கூட்டினால் ஷட்டரின் திரை படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். இதற்கு மாற்றாக ‘ஹை ஸ்பீட் ஸிங்க்’ என்னும் முறையில், விளக்குத் தொடர்ந்து துடித்து ஷட்டரின் ஓட்டம் முழுதும் ஒளி தரும். ஆனால் அதன் வலிமை மிகக் குறையும். குடையும் இட்டு, இம்முறையையும் கையாண்டால், 76 ஜூல் ஆற்றலுள்ள சிறு விளக்கு மணமக்களை ஒட்டியே நிற்க வேண்டிவரும். 200 ஜூல் ஆற்றலுள்ள ஏ.டி.200 போன்ற விளக்கு இவ்விடத்தில் நன்கு உதவும். ஆயினும் அதனை முதல் ஆண்டிலேயே வாங்குதல் வேண்டா என்பது எம் கருத்து. மாதத்தில் ஒருநாள் வேண்டும் பொருளை வாடகைக்குப் பெறலாம். முகூர்த்தந்தோறும் வேண்டும் பொருளையே சொந்தமாக்குக.

வாங்கும் முறை

மேற்கூறியவற்றால் முடிவு தெளிவாகின்றது. தொடங்கும் இருவர் மிகப் பெரிய ஒரு விளக்கை வாங்குவதினும், நடுத்தரமான இரண்டு ஒத்த விளக்குகளை வாங்குவதே அறிவுடைமை. இரண்டும் ஒரே வகையாயின் ஒன்றன் பாட்டரி மற்றொன்றற்கு உதவும். ஒன்றைப் பழகிய கை மற்றொன்றையும் இருளில் இயக்கும். ஒளியின் நிறமும் ஒத்திருக்கும். காமிரா செய்யும் கம்பெனிகளே விற்கும் உயர்ந்த விளக்கொன்றின் விலையில், பிற கம்பெனிகளின் விளக்கு இரண்டேனும் வாங்கலாம். முன்னதன் உறுதி சிறந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயின் எத்துணை உறுதியான விளக்காயினும் அது ஒன்றேயாயின், கைதவறி விழும் அன்று இல்லையென்றே ஆகும்.

எம் அக்காளும் அத்தானும் கடைப்பிடித்த வரிசையைக் கூறுவோம். முதலில், தலை திரும்பக்கூடியதும் டி.டி.எல். முறையும் லித்தியம் பாட்டரியும் ரேடியோ ஏற்பியும் உள்ளதுமான விளக்குகள் இரண்டு. அடுத்து, ஒவ்வொன்றற்கும் மிகுதியாக ஒரு பாட்டரி. பின், ஒரு டிரிக்கர், உறுதியான ஸ்டாண்டுகள் இரண்டு, வெண்குடைகள் இரண்டு, ஆரஞ்சுத் தாள்கள் சில. இறுதியாக, கையால் மட்டும் இயக்கும் மலிவான பென்சில் பாட்டரி விளக்கு ஒன்று. இம்மூன்றாவது பெரும்பாலும் பையிலேயே உறங்கும். ஆயினும் அது பையில் உள்ளது என்னும் நினைவே கை நடுங்காமற் காக்கும். பழைய பெரிய விளக்கை விற்ற பொருளும் இதற்கு உதவியது.

எச்சரிக்கைகள் சிலவும் உள. முதியோர் வீட்டுப் பெட்டியிற் கிடைக்கும் பழைய விளக்குகளுள் சில, தம் தொடுமுனை வழியே 200 வோல்ட்டிற்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைக் காமிராவிற்குட் செலுத்தி இக்காலக் காமிராவைக் கெடுக்க வல்லன. அளந்து பாராமற் பொருத்தற்க. கெட்ட விளக்கை வீட்டிலே திறந்து பார்த்தலும் கூடாது. பாட்டரியை நீக்கிய பின்னரும் அதனுள் தேங்கிய மின்சாரம் கையைத் தாக்கும். ஸ்டாண்டின் அடியில் மணல்மூட்டை இடுக. மண்டபத்தில் ஓடி விளையாடும் குழந்தைகட்கு ஸ்டாண்டின் கால் தெரிவதில்லை. கைக்குழந்தையின் கண்ணுக்கும், கண்ணில் அறுவை செய்துகொண்ட பெரியோர்க்கும் நேரே ஒளி வீசற்க. வாங்கிய விளக்கை ஒருவார காலம் வீட்டிலே எரித்துப் பழகிய பின்னரே பிறர் வீட்டு மணத்திற்கு எடுத்துச் செல்லுக.

எல்லாவற்றினும் மேலாக, இருவரும் வேலையைப் பகுத்துக்கொள்ளுதல் வேண்டும். இப்போது முகூர்த்த வேளையில் அக்காள் எதிரில் நின்று, விளக்கைக் காற்பங்கிற்கு மேற்போக விடாமல் எடுக்கின்றார். அத்தான் பக்கத்தில் சற்று உயர்ந்த இடத்தில் நின்று தம் விளக்கோடு எடுக்கின்றார். நாதஸ்வரக்காரரை நோக்கிப் புரோகிதர் கை உயர்த்தும்வரை இருவரும் காமிராவைத் தாழ்த்தி விளக்கிற்கு ஓய்வு தருகின்றனர். கெட்டிமேளம் தொடங்குகையில் இரண்டும் நிரம்பி நிற்கின்றன.

முடிவுரை

சில திங்கள் கழித்து மயிலையில் மற்றொரு திருமணம். யாம் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முடிச்சு விழுந்த கணத்தில் அக்காளின் விளக்கு எரியவில்லை. யாரோ இடித்ததில் பாட்டரி சற்று நெகிழ்ந்துவிட்டது. எம் நெஞ்சு ஒருகணம் நின்றது. ஆனால் பக்கத்தில் அத்தானின் விளக்குப் பளிச்சிட்டது. அந்தப் படத்தில் மணமகளின் முகம் பாதி ஒளியிலும் பாதி நிழலிலும் இருக்கின்றது. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றார். காற்றில் நான்கு அரிசி நிற்கின்றன. அன்று மாலையே அதனை வீட்டாருக்கு அனுப்பினர். அக்காள் எம்மை நோக்கி, “தம்பி, முதலில் வந்த அந்தப் பெரியவருக்குக் கொடுக்க முடியாமற் போனதே” என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

மணவினையிற் படம் எடுப்பவர் பிறர் வாழ்வில் ஒருமுறையே வரும் கணத்திற்குக் காவலராக நியமிக்கப்பட்டவர். காவலுக்கு வலிமை வேண்டும். அதனினும் விழிப்பு வேண்டும். இத்தொழிலிற் புகும் இளைஞர் விளக்கு வாங்கக் கடைக்குச் செல்லும்போது, ‘இஃது எத்துணைப் பிரகாசமாக எரியும்?’ என்று கேட்பதற்கு முன், ‘வேண்டிய கணத்தில் எரியுமா? இஃது எரியாவிடில் எரிய வேறொன்று உண்டா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக. அவ்விரண்டிற்கும் ‘உண்டு’ என்னும் விடையுடன் மண்டபத்திற்குள் நுழைபவர், அட்டையில் அச்சிட்ட எண் சிறியதாயினும், தம் கடமையிற் பெரியவரே ஆவர்.